வாத்தியார் வீட்டு ஈரச் சுவர்

ஊரில் அவளை விரிசல் என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் விரிசலக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் விரிசல். பெயர் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். காட்டுக்கு நடுவே மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊரை, வீடு வாசல் மரம் மட்டை எல்லாம் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, எந்த வீடு ஒழுகுகிறது, எந்தச் சுவர் சாய்கிறது என்று பார்த்துச் சொல்ல உள்ளூரிலேயே ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லார் வீட்டு அடுப்படி வரைக்கும் போய் வரக்கூடியவள், அங்கே பார்த்ததை இங்கே வந்து சொல்லாதவள் என்று அவளை எடுத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே மேல்தெருவில் ஒரு சுவரில் முழநீளத்துக்கு விரிசலைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வீட்டு வரிசையில் இருந்த அத்தனை பேரையும், காய்ச்சலில் கிடந்தவரைக்கூடக் கட்டிலோடு தூக்க வைத்து, கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். மறுநாள் நகரத்திலிருந்து வந்த இன்ஜினியர் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தார்.

“மேல்பூச்சுதான் வெடிச்சிருக்கும்மா. உள்ள சுவர் கல்லு மாதிரி இருக்கு.”

“கல்லுச் சுவர் கல்லு மாதிரி இல்லாம பஞ்சு மாதிரியா இருக்கும்?” என்று யாரோ கேட்க, நனைந்த பாயும் தலையணையுமாக நின்ற தெரு முழுக்கச் சிரித்தது. அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போயே போய்விட்டது.

அவள் பயந்தவள்தான். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் அந்த ஊர் வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் அத்தனை வேடிக்கையாக இருக்காது. கருங்கல்லை மண் சாந்தில் வைத்து எழுப்பிய சுவர்கள். மேலே மர உத்திரம், அதன்மேல் ஓடு மாதிரி அடுக்கிய பலகைக்கற்கள். ஒரு கூரையின் கனம் மட்டும் லாரிக் கணக்கில் வரும். அதோடு, வீடுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கூட்டத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்களைப் போல ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒருவர் மயங்கி விழுந்தால் இரண்டு பக்கமும் ஆட்டம் காணும்.

இது அவள் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். போகிற வீட்டிலெல்லாம் பேச்சு ஒரு பக்கம் இருக்க, கண் சுவரில்தான் இருக்கும். சந்தேகமான விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டிவிட்டு வருவாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மினி பஸ் ஓட்டும் அவள் புருஷனுக்கு இது நல்ல சிரிப்பு.

“நீ பாக்கற பார்வையிலதான்டி சுவத்துக்கே நடுக்கம் வருது. நாலு நாள் பாக்காம விட்டுப் பாரு, எல்லாம் தானா கூடிக்கும்.”

“உங்க பஸ் பிரேக்கையும் நாலு நாள் பாக்காம விட்டுப் பாருங்க.”

“அய்யோ, அது உசுரு சமாச்சாரம்.”

“இதுவும் அதுதான்.”

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அவள்தான். பஸ் நிறுத்தத்தில் இருசக்கர வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தான். கீழ்த்தெருவில் வீடு, மனைவி, இன்னும் பள்ளிக்கூடம் சேராத ஒரு பெண் குழந்தை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தம்பி மனைவி விழுகிற வரைக்கும்.

அந்த ஊரில் வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. சரிவில் படி இறங்கிப் போனால் கீழே ஒரு பொதுக் கட்டடம். போன மழைக்காலத்தில், இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு விடியற்காலையில் இறங்கியவள், பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, உள் அறையில் ஒரு குளியலறையும் கழிப்பறையும் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். இன்ஜினியர் வந்து அளந்து பார்த்துவிட்டு, உள் அறையில் கூடவே கூடாது என்றார். அந்தப் பக்கம் இருப்பது பொதுச்சுவர், மண் சாந்து, தண்ணீர் பட்டால் கரையும். வேண்டுமானால் கொல்லையில் தனி அஸ்திவாரம் போட்டுக் கட்டலாம், ஆனால் அதற்கு மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலிடம் இந்தா அந்தா என்று இழுத்தது. அந்தச் சேதியைத் தம்பி வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியவளும் விரிசல்தான்.

“சரி அண்ணி” என்று மட்டும் சொன்னாள் தம்பி மனைவி. முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, பழைய தானியக் கிடங்கின் முன்னறையில் இருந்த அவளுடைய அலுவலகத்துக்கு வாத்தியார் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு தனியாக இருந்தவர். மகன் நகரத்தில். தம்பி வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

“ஏம்மா, என் வீட்டு உள்கதவு சாத்த மாட்டேங்குது.”

“மழைக்கு மரம் ஊதியிருக்கும் சார்.”

“அப்படித்தான் நெனச்சு ஆசாரிய விட்டு இழைக்கச் சொன்னேன். கொஞ்ச நாள் சொன்ன பேச்சு கேட்டுச்சு. இப்ப மறுபடியும் முறைச்சுக்கிட்டு நிக்குது. இத்தன வருஷத்துல எந்தப் பையனும் என்கிட்ட இவ்வளவு பிடிவாதம் பிடிச்சதில்ல.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு ஊதவில்லை என்றால் நிலை கோணியிருக்கிறது. நிலை தானாகக் கோணாது.

கூடவே போய்ப் பார்த்தாள். நிலைக்கு ஒட்டிய பொதுச்சுவர் இடுப்பு உயரத்தில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. வாத்தியார் சட்டை மாட்டும் ஆணிக்கு மேலே தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. கீழே, தரையை ஒட்டி, சுவர் கறுத்துப் போயிருந்தது. கையை வைத்தால் சில்லென்று ஓதம். விரலால் நெருடினாள், சாந்து குழைந்து வந்தது.

கோட்டின் மேல் கண்ணாடி ஒட்டினாள். பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தாள். கொத்தனாரைக் கூரைமேல் ஏற்றினாள். பலகைக்கல் ஒன்றுகூட நகரவில்லை. கொல்லை வாய்க்காலில் அடைப்பு இல்லை. சுவரோரம் குழி எதுவும் இல்லை. நடுவில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. தெருவெல்லாம் காய்ந்து வெளுத்தது, காய்ந்த துணிகள் கொடியில் படபடத்தன. வாத்தியார் வீட்டுச் சுவர் மட்டும் காயவில்லை. ஈரம் இன்னும் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. கண்ணாடி நடுவில் கீறல் விட்டு இரண்டாகியிருந்தது.

மழை இல்லாத நாளில் ஏறுகிற ஈரம் மழை ஈரம் இல்லை. அப்படியென்றால் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் தம்பி வீட்டு உள் அறை.

அந்த அறையை அவள் பார்த்துப் பல மாதம் ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது போனாலும் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் துணிமணி இறைந்து கிடக்கும், “அங்க வேணாம் அண்ணி, இங்கயே உக்காருங்க” என்று அடுப்படியில் பலகையைப் போடுவாள் தம்பி மனைவி. இவளும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். தம்பி ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“உள் அறையில ஏதாவது வேலை பாத்தியாடா?”

“என்ன வேலை?”

“தண்ணி வேலை.”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. “உனக்கு எங்க பாத்தாலும் இதே நெனப்புதான் அக்கா. வாத்தியார் குளிச்சிட்டு ஈரத் துண்டை அந்தச் சுவத்துலதான் போடுவாரு. அவரப் போய்க் கேளு.”

“சத்தியமா ஒண்ணும் இல்லியே?”

“இல்லக்கா. போ, எனக்கு வேலை கெடக்கு.”

வாத்தியார் துண்டைக் கொல்லைக் கொடியில்தான் காயப் போடுவார். அது அவளுக்குத் தெரியும். இருந்தும், நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்ததால் நம்பினாள். அன்று இன்ஜினியர் போன் செய்து, கீழ்த்தெரு எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது, “ஒரு கதவு கொஞ்சம் பிடிக்குது சார், பாத்துக்கிட்டிருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. புருஷன் இரண்டு முறை கேட்டும் தலைவலி என்று சமாளித்தாள். சொன்னால் தம்பி மாட்டுவான். சொல்லாவிட்டால்? அந்தக் கேள்வியை முடிக்க விடாமல் மனசு வேறு பக்கம் ஓடியது. துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடி நனைத்தாள்.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். தனியாக இருப்பவர், ஒரு குரல் கேட்கட்டும் என்று அப்படிப் படிப்பார்.

“கொஞ்சம் நிறுத்துங்க சார்” என்று சொல்லிவிட்டு, சுவரில் காதை வைத்தாள்.

முதலில் எதுவும் இல்லை. பிறகு அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். குழாய் நின்றது. நின்ற பிறகும், சுவருக்கு உள்ளே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, யாரோ ரகசியம் பேசுவது போல மெல்லிசாக ஒரு சலசலப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் வாத்தியாரிடம் எதையும் விளக்கவில்லை. “சார், குடையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. இப்பவே” என்றாள். குரலில் என்ன இருந்ததோ, அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தார்.

தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். தம்பி மனைவி ஈரத் தலையோடு திறந்தாள்.

“குழந்தை தூங்குது அண்ணி…”

குழந்தை அவள் பின்னாலேயே நின்று, “அத்தை!” என்று கையை நீட்டியது.

விரிசல் அவளை விலக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். மூலையில் பிளாஸ்டிக் திரை. விலக்கினால், நீல டைல்ஸ் பதித்த சின்ன குளியலறை, ஒரு வாளி, ஒரு கழிப்பறைப் பீங்கான். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள் தம்பி மனைவி. ஓரத்தில் குழந்தைக்கு ஒரு குட்டி முக்காலி. பொதுச்சுவரைப் பாதி குடைந்து, அதற்குள் குழாயை விட்டிருந்தார்கள்.

“யார் கட்டினது?”

“உங்க தம்பிதான். ராத்திரி ராத்திரியா, சத்தம் வராம.” அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். “திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. நான்தான் கேட்டேன். அந்தப் படியில இன்னொரு தடவை எறங்க என்னால முடியாது அண்ணி. கால வெச்சாலே அன்னிக்கு விழுந்த சத்தம் கேக்குது. நீங்க சுவரு சுவருன்னு பாக்கறீங்க. எனக்குள்ள ஒண்ணு இடிஞ்சு விழுந்துச்சே, அத யாரு வந்து பாத்தா?”

விரிசல் குழந்தையைத் தூக்கித் தம்பி மனைவியின் இடுப்பில் வைத்தாள். அவள் தோளைப் பிடித்து, “சுவத்துல சாயாத. மொதல்ல வெளிய போ. மத்தத அப்புறம் பேசுவோம்” என்று மட்டும் சொன்னாள். குழாய் வால்வை இறுக்கி மூடிவிட்டு, இன்ஜினியருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறையையும் சேர்த்து.

இன்ஜினியர் குரலில் அவசரம் தெரிந்தது. பாதையில் மரம் சாய்ந்து கிடக்கிறது, நடந்தாவது வந்துவிடுகிறேன் என்றார். அதுவரைக்கும் அந்த இரண்டு வீடு மட்டும் இல்லை, வரிசை முழுக்கக் காலி செய்ய வேண்டும். உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். வயிறு தள்ளிய இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. “சாமான் எடுக்கறேன்னு ஒருத்தரையும் திரும்ப விடாதீங்க.”

கொத்தனார் நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு மரம் தேடி ஓடினார். ஆனால் தெரு?

“விரிசல் வந்துட்டாடி, பாயச் சுருட்டு” என்று ஒருத்தி ஜன்னல் வழியாகச் சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்து, “போன தடவை பூச்சு. இந்தத் தடவை என்ன, சுண்ணாம்பா?” என்று கேட்டார். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

“இல்லண்ணே, இது நிஜமாவே… உள்ள தண்ணி எறங்கியிருக்கு…”

“எந்தத் தண்ணி? மழை தூறல்தானே போடுது?”

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நம்புவார்கள். சொன்னால் தம்பி ஊர் முன்னால் தலை நிமிர முடியாது. சுவருக்குள் இந்நேரம் இன்னும் எவ்வளவு மண் கரைந்ததோ.

அப்போதுதான் தெருவின் நடுவில் வந்து நின்றாள் தம்பி மனைவி. இடுப்பில் குழந்தை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதுவரைக்கும் தெருவில் அவள் குரலை யாரும் உரக்கக் கேட்டதில்லை.

“நாங்கதான் பண்ணோம்! உள்ள பாத்ரூம் கட்டினோம். சுவத்தக் குடைஞ்சு குழாய் விட்டோம். மாசக்கணக்கா தண்ணி கசிஞ்சிருக்கு. அண்ணி பொய் சொல்லல. எங்கள அப்புறம் என்ன வேணாலும் பேசுங்க. இப்ப பிள்ளைங்கள எடுத்துக்கிட்டு வெளிய வாங்க!”

சோற்றுத் தட்டோடு நின்றவர்தான் முதலில் அசைந்தார். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, படுக்கையில் இருந்த தன் அம்மாவைத் தூக்க உள்ளே ஓடினார். பிறகு கதவு கதவாகத் திறந்தது.

எல்லாரும் கிடங்கு வாசலில் கூடிய பிறகு கொத்தனாரும் நாலைந்து ஆட்களும் முட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளியே வந்ததும் விட்டாள். பின்பக்கம் முட்டு வைக்கப் போனவர் பாதியில் திரும்பிவிட்டார். “உள்ள மண்ணு உதிருதுக்கா. நான் பிள்ளகுட்டிக்காரன்.” அவள் அவரை மறுபடி உள்ளே போகச் சொல்லவில்லை.

அதன்பிறகு காத்திருப்பு. மழையும் விட்டுவிட்டது. மதியம் தாண்டியது. பசித்த குழந்தைகள் அழுதன. சுவர் அப்படியே நின்றது. முனகல் மெல்ல மெல்லக் கிளம்பியது. அடுப்பில் போட்டது போட்டபடி கிடக்கிறதாம், ஆடு கத்துகிறதாம். “கசிஞ்சா கசியட்டும், இத்தன வருஷம் நின்ன சுவரு இன்னிக்கா விழப்போகுது?” அவளுக்கே சந்தேகம் வந்தது. விழாமலே நின்றுவிட்டால்? ஒரு பக்கம், விழக்கூடாதே என்று வேண்டினாள். இன்னொரு பக்கம், விழாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் தன் சொல்லை யாரும் கேட்க மாட்டார்களே என்று நினைத்தாள். அப்படி நினைத்த தன்மீதே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

இன்ஜினியர் சேறு அப்பிய செருப்போடு வந்து சேர்ந்தார். வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். உள்ளே ஓரடி வைத்தவர், அப்படியே பின்னால் எடுத்தார். “யாரும் போகக் கூடாது. நானும் போகல” என்றார்.

உதிரி பாகம் வாங்க நகரத்துக்குப் போயிருந்த தம்பியும் அந்த நேரம் பார்த்து நடந்தே வந்து சேர்ந்தான். வழியிலேயே யாரோ காதில் ஊதியிருக்கிறார்கள். முகம் கருத்திருந்தது.

“ஊரக் கூட்டி என் மானத்த வாங்கிட்ட இல்ல?”

“இருடா, அப்புறம் பேசலாம்…”

“என்ன ஆயிரும்? நான் குடைஞ்ச சுவரு எனக்குத் தெரியாதா? இப்ப உள்ள போய் நிக்கிறேன். எது விழுதுன்னு பாக்கறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. கிளம்பிவிட்டான். அவள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பற்றினாள். அவன் உதறினான். சட்டை தோளோடு கிழிந்தது. கிழிந்த துணியை விட்டுவிட்டு இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்ன வயசில் குளிக்க மாட்டேன் என்று அவன் ஓடும்போது பிடிக்கிற அதே பிடி. இருவரும் சேற்றில் சறுக்கி வாசல்படி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது உள்ளே மரம் நெரிகிற சத்தம் வந்தது. பின்னாலேயே, பெரிய மிருகம் ஒன்று களைத்துப் போய்ப் படுப்பது போல, சுவர் அடியிலிருந்து மடிந்து உட்கார்ந்தது. கூரையின் பின்பாதிப் பலகைக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஈர மண் என்பதால் தூசி எழவில்லை. முன்பக்க முட்டுகள் முனகினவே தவிர, தாங்கிக்கொண்டன. முன்பாதி நின்றது. வரிசையும் நின்றது.

தம்பி எழுந்திருக்கவில்லை. கிழிந்த சட்டையோடு, கல் குவிந்து கிடந்த உள் அறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஊர் பார்க்கிறதே என்று அவனும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

தம்பி குடும்பம் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. வாத்தியாரை மகன் வந்து நகரத்துக்கு அழைத்துப் போனான்.

இன்ஜினியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போது தெரியும் என்று கேட்டார்.

“இடியறதுக்கு மொத நாளே சந்தேகம் வந்துச்சு சார். தம்பி வீடுன்னு வாயத் திறக்கல.”

அவர் அதை எழுதிக்கொண்டார். “மேலிடத்துல கேப்பாங்க. அங்கயும் இதையே சொல்லுங்க. மாத்திச் சொல்லாதீங்க.”

மாற்றிச் சொல்லவில்லை. மழைக்காலம் முடிகிற வரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வேலையில் இருந்தபோது அவளைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் இப்போது வீடு தேடி வந்தார்கள். “அக்கா, சும்மா ஒரு எட்டு வந்து எங்க சுவத்தப் பாத்துட்டுப் போயேன்.” அவளும் போய்ப் பார்த்தாள். இன்னும் ஒரு வீட்டில், பெட்டிகளுக்குப் பின்னால், இன்னொரு நீல டைல்ஸ் குளியலறை இருந்தது. அந்த வீட்டுக்காரி தானாகவே காட்டினாள்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். கண்டிப்பானவர். தம்பியை நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சட்டம் என்ன, பாதுகாப்பு என்ன, எத்தனை தலைமுறை வீடு இது என்று வெளுத்து வாங்கினார். அது முடிந்து, வந்த வழி நீண்ட வழி அல்லவா, கழிப்பறை எங்கே என்று கேட்டார். தம்பி மனைவி முன்னால் நடந்து, சரிவுப் படியைக் காட்டினாள். நல்ல மழை. அந்த அம்மாள் ஒரு கையில் குடை, ஒரு கையில் சேலைக் கொசுவம் என்று இறங்கினார். வெகு நேரம் கழித்து ஏறி வந்தபோது, குடை மடங்கியிருந்தது, முழங்கையில் பாசி ஒட்டியிருந்தது, இடுப்புக்குக் கீழே சேலை முழுக்கச் சேறு. துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினாள் தம்பி மனைவி. அதிகாரி அம்மாள் துண்டை வாங்கிக்கொண்டார்.

“நீங்க விழுந்தது எந்தப் படியிலம்மா?”

தம்பிக்கு மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. இடிந்த சுவரைக் கொத்தனாரோடு நின்று அவன்தான் கல் சுமந்து எழுப்ப வேண்டும் என்றார்கள், எழுப்பினான். ஆனால் கொல்லையில் தனி அஸ்திவாரத்தோடு, அதே கல், அதே பலகைக்கல் கூரையோடு, வீட்டிலிருந்து நனையாமல் போய் வருகிற மாதிரி கழிப்பறை கட்டிக்கொள்ள அந்த வரிசை முழுவதற்கும் அனுமதி வந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அவை இருப்பதே தெரியாது.

அவளை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பழைய பயம் போய் அவள் நிம்மதியானாள் என்று சொல்ல முடியாது. இப்போது அவளுக்குப் புதுக் கவலை. கொல்லைக் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் சரிவு, எங்கே கசியும் என்று அங்கேயும் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய கவலை வாத்தியாருடைய வீடு. புதுச்சுவரோடு பூட்டிக் கிடந்தது. ஆள் புழங்காத வீட்டில் அடுப்புச் சூடு இல்லை, காற்று இல்லை, கூரையில் ஒரு கல் நகர்ந்தால் பார்க்கக் கண் இல்லை. வரிசைக்கு நடுவில் அப்படி ஒரு வீடு.

போனில் கூப்பிட்டாள். “சார், எப்ப வர்றீங்க?”

“வரணும்னுதான் இருக்கும்மா. பையன் விடமாட்டேங்கறான். எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.”

அவருக்கே பயம் என்றால் என்ன சொல்வது? “சரி சார், உடம்பப் பாத்துக்குங்க” என்று வைத்தாள்.

தம்பி மனைவி இடிந்த நாளிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்தபோதும் குழந்தை மூலமாகத்தான் பேச்சு. “அத்தைய சாப்பிடச் சொல்லு.” “அம்மாகிட்ட போதும்னு சொல்லு.” சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகும் அப்படியே. விரிசலும் வற்புறுத்தவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கிடங்கு அலுவலகத்து வாசலில் தம்பி மனைவி வந்து நின்றாள். வேலைச் சேலை, கையில் துடைப்பம்.

“வாத்தியார் வீட்டுச் சாவி உங்ககிட்டதான இருக்கு அண்ணி?”

“ஆமா. ஏன், ஏதாவது சத்தம் கேட்டுதா?” விரிசல் பதறி எழுந்தாள்.

“சத்தம் எல்லாம் இல்ல. பூட்டியே கெடக்கு, எனக்கு மனசு கேக்கல. தெனம் ஒரு தடவை தொறந்து கூட்டி, அடுப்புல கொஞ்சம் நெருப்பு போட்டுட்டு வரலாம்னு பாக்கறேன். அவரு திரும்ப வர்ற வரைக்கும்.”

“அவரு வராமயே போயிட்டா?”

“அப்ப அத அப்ப பாப்போம்” என்றாள் தம்பி மனைவி. “நீங்க வர்றீங்களா? தனியா உள்ள போக எனக்கும் நடுக்கமாத்தான் இருக்கு.”

விரிசல் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.